மூன்று "வேண்டாம்"

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இரண்டு வரியை மட்டும் இதுவரை நான்கு தாள்களில் எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் பிறர் எழுதியதைத் திருத்தியவனுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் எழுத வராது என்று உன் அம்மா கேலி செய்வாள். அவள் இருந்தவரை அதை மறுத்துப் பேச எனக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போது மறுக்கலாம் என்றால் கேட்க அவள் இல்லை.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தினமும் காலையில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இருக்கீங்களா சார்?" என்று கேட்கிறார். "இருக்கேன்" என்று சொல்கிறேன். "அப்ப சரி" என்று போய்விடுகிறார். ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ போனில் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். நீ சொன்னதை மறக்கக் கூடாது என்று அப்போதே காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வைத்தேன். மாப்பிள்ளையின் தொழில் கூட்டாளிக்கு நம் பெரியவளைக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டீர்கள். அவருக்கு முப்பத்து மூன்று வயது, நல்ல மனிதர். இவளுக்குப் பதினேழு. "அவ வேண்டாம்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாப்பா. நாங்க சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்குறா. நீங்க நாலு வரி எழுதுங்க, தாத்தா சொன்னா கேப்பா" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். நீ, "எனக்கு நீங்க செஞ்சதைத்தானேப்பா நான் அவளுக்குச் செய்றேன்? நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்று கேட்டாய். அதற்கும் நான் பேசவில்லை. "சரிப்பா, எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாய்.

நான் சம்மதம் சொல்லவில்லை அம்மா. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உனக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான்.

இனி எழுத வேண்டியதை எந்த வரிசையில் எழுதுவது என்று தெரியவில்லை. என் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதே.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு சப்டைட்டில் சரிபார்த்துத் தருகிறேன் என்று உனக்குத் தெரியும். வேற்று மொழித் தொடர்களுக்கு யாரோ தமிழில் வசனம் எழுதி அனுப்புவார்கள். நான் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிழை திருத்தி, நீளமானதை வெட்டிச் சுருக்குவேன். அதற்கு விதிகள் உண்டு. மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வரக் கூடாது என்பது ஒன்று. ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் ஒரு முறை போட்டால் போதும் என்பது இன்னொன்று.

போன வாரம் ஒரு போலீஸ் தொடரின் ஒரு பகுதி வந்தது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மாடி ஜன்னலுக்குக் கீழே இறந்து கிடக்கிறாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். யாராவது தள்ளிவிட்டார்களா என்று விசாரிக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறார். நடந்ததை நமக்கு முன்பே காட்டிவிடுகிறார்கள். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்து "வேண்டாம்" என்கிறாள். அவர் அவளை அறைக்குள் அனுப்புகிறார். வாசலில் நின்று திரும்பி "வேண்டாம்" என்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே இருந்து மறுபடியும் "வேண்டாம்" என்று கேட்கிறது. எல்லாம் சேர்த்து ஒன்பது நொடி. மொழிபெயர்த்தவர் மூன்றையும் எழுதியிருந்தார். நான் இரண்டை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசிலிருந்து எடிட்டர் பெண் கூப்பிட்டாள். உன் வயதுதான் இருக்கும், வாய் கொஞ்சம் துடுக்கு. "சார், அந்தப் பொண்ணு மூணு தடவை சொல்லுது. நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. காது மிஷின் வாங்கித் தரட்டுமா?" என்றாள். நான் விதியைச் சொன்னேன். "விதியெல்லாம் கரெக்ட் சார். ஆனா கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்க. இன்ஸ்பெக்டர் அந்த அப்பாகிட்ட கேக்குறாங்கல்ல, உங்க பொண்ணு எத்தனை தடவை வேண்டாம்னு சொன்னான்னு? ஒரே ஒரு தடவை, சின்னப் பிள்ளை, அப்புறம் சரியாயிட்டான்னு அந்த ஆள் கூசாம பொய் சொல்றான். நீங்க வெட்டுனதுல அந்தப் பொய் உண்மையாயிடுச்சு சார்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்தி அனுப்பினேன். போனை வைத்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பிழை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மூன்று முறை கேட்டும் எனக்கு அது ஒரு முறையாகத்தான் விழுந்திருக்கிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டே மாடிக்குப் போனேன். முழங்கால் வலிக்குப் பயந்து நான் மாடி ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது.

உன் அறைக் கதவின் வெளிப்பக்கம் நான்கு ஓட்டைகளை மாவு வைத்து அடைத்து வண்ணம் பூசியிருக்கிறது. கை வைத்தால் தெரியும். அங்கே தாழ்ப்பாள் போடச் சொன்னவள் உன் அம்மா என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னது அவள்தான். பென்சிலால் கோடு போட்டு, கோணாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு முறை அளந்து, நான்கு திருகாணியையும் முடுக்கியவன் நான். நீ உள்ளேதான் இருந்தாய். "என்னப்பா சத்தம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். எனக்கும் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வேண்டாம் என்றாய். மறுநாள் மாடிப்படியில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். என் கையில் அச்சகத்துத் தாள்கள் இருந்தன, அவை கசங்கிவிடும் என்று கையை விடுவித்துக்கொண்டேன். மூன்றாவது முறை அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து. உன் பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா வந்து, "பொண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில் நினைவிருக்கிறது. "ஒரு தடவை வேண்டாம்னு சொன்னா. சின்னப் பிள்ளைதானே, இப்ப சரியாயிட்டா." அந்தத் தொடரில் வரும் அப்பாவின் வசனத்தில் நான் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. திருத்தத் தோன்றவில்லை.

"நான் என்ன கெட்டா போயிட்டேன்?" என்று நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. இல்லை என்று எழுதினால் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். நான் செய்தது தவறு என்று எழுதினால், இருபத்து நான்கு வருடம் நீ பாடுபட்டுக் கட்டிய வீட்டை, வளர்த்த பிள்ளைகளை, தவறு என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்படி இல்லை அம்மா. அதெல்லாம் உன் கெட்டிக்காரத்தனம். அதை என் கணக்கில் சேர்த்துக்கொண்டு நான் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். தவறு என்னுடையது மட்டும். இந்த வாக்கியம் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

நீ கேட்ட நாலு வரியை நான் எழுதப் போவதில்லை. நடக்கப் பழகிய வயதிலேயே எதையாவது குனிந்து பார்த்து "இது ஏன்?" என்று கேட்பாளே என்றுதான் நம் பெரியவளுக்குக் கேள்விக்குறி என்று செல்லப் பெயர் வைத்தேன். அவளே நேற்று மாலை என்னைக் கூப்பிட்டாள். "தாத்தா, நீங்களும் அந்தக் கட்சிதானா?" என்று கேட்டாள். இந்த முறை நான் பேசாமல் இருக்கவில்லை. "இல்ல" என்றேன். குரல் சரியாக எழும்பவில்லை. "என்னது, கேக்கல" என்றாள். மறுபடியும் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கும் இதே தபாலில் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். அவர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று நீங்கள் இருவரும் சிரிப்பதுண்டு. அதனால்தான் கடிதம். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அவருக்குக் கோபம் வந்தால் அது என் மேல் வரட்டும். நீ நடுவில் நிற்காதே.

மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். பெரியவள் இங்கே வந்து படிப்பதானால் படிக்கட்டும், நீயும் கூட வந்தால் இன்னும் நல்லது. நேற்று தச்சர் வந்து கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். "ஒத்தை ஆளா இருக்கீங்க, உள்ள தாழ்ப்பா எதுக்கு சார்? யாருக்குப் பயந்து?" என்று சிரித்தார். எனக்குப் பயந்துதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவள் அறைக்குப் போ. இதுவரை எத்தனை முறை வேண்டாம் என்று சொன்னாள் என்று அவளிடம் கேட்காதே, அது உனக்கே தெரிந்திருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அதை வாங்கிக்கொள்ள உனக்கு மனம் இல்லையென்றால், வேண்டாம் என்று ஒரு முறை சொல், போதும்.

இப்படிக்கு,
அப்பா