ஜெஸி, உன் பெயரில் ஒரு ஆஜர்கூட இல்லை

என் செல்லத் தங்கச்சி ஜெஸிக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இப்பத்தான் நேரம் கெடச்சுதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். திருப்பிக்கொள். ஆனால் காதை மட்டும் கொடு.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த மராத்திக்கார ஊரின் ஓரத்தில் இருக்கிற கராடி இப்போது நீ பார்த்த கராடி இல்லை. வயல் இருந்த இடமெல்லாம் கண்ணாடிக் கட்டடம். சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார்கள். கேம்ப் பேட்டையில் இருக்கிற நம் சர்ச்சில் தமிழ் ஆராதனைக்கு உட்கார இடமில்லை. அம்மா சும்மா இருப்பாளா? புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வாடகை வீடு பார்த்துக் கொடுக்கிறாள்.

அந்தக் கட்டடம் ஒன்றில் இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனி தன் வழக்குகளை நம் ஆபீஸுக்குத் தர முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பெண்கள், தலித்துகள், வேற்று மொழிக்காரர்கள் என்று எல்லாருக்கும் வக்கீல் தொழிலில் இடம் கிடைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதித் தர வேண்டுமாம். கூட்டாளிகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீஸிலேயே ஒரே மதராசி நான், அதிலும் கிறிஸ்தவன். நானே பாதி பதில் என்று நினைத்துவிட்டார்கள் போல.

எழுதினேன். உனக்குத்தான் தெரியுமே என் வாய். எங்களிடம் பேதமே கிடையாது, என் சொந்தத் தங்கையே எட்டு வருஷம் இங்கே வக்கீலாக இருந்தாள் என்று உன்னையும் உள்ளே இழுத்துப் போட்டேன். எழுதும்போது கண்கூடக் கலங்கியது.

பிழை பார்க்கச் சவிதாவிடம் கொடுத்தேன். சவிதா காம்பிளே இரண்டு வருஷமாக எங்கள் ஜூனியர். வீட்டில் சட்டம் படித்த முதல் ஆள். அந்தக் கடைசிப் பெயரைக் கேட்டதுமே இங்கே பலரும் மனசுக்குள் சாதிக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அவள் படித்து முடித்துவிட்டு மராத்தியில் மெதுவாகக் கேட்டாள்: "சர், உங்க தங்கச்சி எந்தக் கேஸ்ல வாதாடினாங்க? பழைய ஃபைல் எல்லாத்துலயும் அவங்க எடுத்த நோட்ஸ் இருக்கு. ஆனா ஆஜர்ல ஒரு எடத்துலயும் அவங்க பேரு இல்லையே?"

எனக்கு வந்ததே கோபம். கொடுத்த வேலையை மட்டும் பார் என்று எரிந்து விழுந்தேன். பார்த்தாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்துவிட்டுப் போனாள்.

நம் ஆபீஸ் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நோட்ஸ் எடுப்பது ஒருவர், கோர்ட்டில் எழுந்து நிற்பது இன்னொருவர். நிற்கிறவர் பெயர்தான் அன்றைய ஆஜரில் ஏறும். பையன்கள் என்றால் ஆறு மாசத்தில் நிற்க ஆரம்பித்துவிடுவார்கள். நீ எட்டு வருஷம் என் பின்னால் உட்கார்ந்து சட்டப் பிரிவுகளை எடுத்துக் கொடுத்தாய். சிவாஜிநகர் கோர்ட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் "அண்ணே, இன்னைக்கு நான் நிக்கட்டா?" என்று கேட்பாய். அடுத்த தேதிக்குப் பார்ப்போம் என்பேன்.

மறுநாள் லேபர் கோர்ட்டில் ஒரு வழக்கு. ஃபாக்டரி கேன்டீனில் சமைத்த ஒரு அம்மாவை நோட்டீஸ் இல்லாமல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எல்லாம் தயார் செய்தது சவிதா. அந்த அம்மாவும் என்னை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் கவுனை மாட்டும்போது சவிதா கேட்டாள்: "மீ உபீ ராஹூ கா, சர்?" நீ கேட்டதேதான், மராத்தியில். அடுத்த தேதி என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்துவிட்டது.

ஏட்டி, இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்போது ஆபீஸை நடத்திய நம் சீனியர் உன்னை நிற்க விடமாட்டேன் என்கிறார் என்று நான் சொல்லி வந்தது பொய். அவர் தானாகவே ஒருமுறை கேட்டார், உன் தங்கையை நிற்க வைக்கலாமா என்று. இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று சொன்னவன் நான். நீ நன்றாக வாதாடுவாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் பயமே. நீ நின்றிருந்தால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியிருக்கும். மஞ்சள் காமாலையில் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட நீ சீனியரைத்தான் திட்டினாய். பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவேளை உனக்குத் தெரியுமோ? தெரிந்துதான் என் காதுபடத் திட்டினாயோ?

ஃபைலைச் சவிதாவிடம் கொடுத்தேன். நீயே நில் என்றேன். ஜட்ஜ் கேட்ட ஒரு கேள்விக்குத் தடுமாறினாள். நான் எழுந்துவிடப் பார்த்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளே பக்கத்தைத் தேடிப் பிடித்துப் பதில் சொன்னாள். உத்தரவு இன்னும் வரவில்லை. ஜெயிப்போமா, தெரியாது.

ஆபீஸுக்கு வந்து நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். எங்களிடம் எட்டு வருஷம் ஒரு பெண் வக்கீல் இருந்தாள், ஒரு நாளும் அவளை நிற்க விடவில்லை, தடுத்தவன் இதை எழுதுகிறவன், இனி நோட்ஸ் எடுக்கிறவரே நிற்பார். அவ்வளவுதான், அரைப் பக்கம். கூட்டாளிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கம்பெனி ஓடிப்போய்விடும், உனக்குப் பைத்தியமா என்கிறார்கள். நாளைக் காலை கூட்டம்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன், கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவர்கள் ஒத்துக்கொண்டாலும் சரி, என்னை வெளியே போகச் சொன்னாலும் சரி, அந்த அரைப் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். இன்னொருத்தி எடுத்த நோட்ஸை வைத்துக்கொண்டு இனி எந்தக் கோர்ட்டிலும் நான் எழுந்து நிற்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னை எட்டு வருஷம் உட்கார வைத்த
உன் அண்ணன்