பிள்ளைப் பணம் என்ற சாக்கு

ஆம்ப்ரோஸுக்கு,

மாதாவின் காவல் உங்கள் எல்லோர் மேலும் இருக்கட்டும். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நம் பிள்ளைகள் மூவருக்கும் சளி விட்டதா? இந்த எண்ணெய் வயல் முகாமில் நானூறு பேருக்குச் சமைத்தும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறை மூன்று வாரமும் வீட்டுக்கு வராமல் இங்கேயே வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்றார் சமையலறை மேலாளர்.

"வேண்டாங்க. எங்க வருமானம் ஏறினா, வர்ற ஜூலைலேர்ந்து அரசாங்கம் மாசாமாசம் தர்ற பிள்ளைப் பணத்தைக் குறைச்சிடும்" என்றேன்.

பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை செய்யும் செலீனா சிரித்துவிட்டாள். "அடியே, மூணு பிள்ளைக்காரிக்கு நூறு டாலர் கூட வந்தா பத்தொம்பதுதானே குறையும்? வரி போனாலும் பாதிக்கு மேல நிக்குமே. அதைக் கடல்லயா கொட்டப்போற?"

அவள் சொன்னது சரி. படிவங்களை நானே படித்துப் போட்ட கணக்கும் அதையேதான் சொல்கிறது. பொய்க் காரணம் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் கேட்க இங்கே சாமியார் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

நம் மகள் வின்னியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள். பனிக்காலணி இங்கே மலிவு. வளர்ந்திருப்பாள், அளவு தெரியவில்லை.

மேலாளர் விடவில்லை; யோசித்து மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். உங்கள் படகுக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் 'அங்கேயே இரு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் இருந்துவிடுவேன்.

மணி அடிக்கிறது, அடுப்புக்குப் போகிறேன்.

டல்சி