உதவித்தொகை சொல்லப் போன வீடு

அம்மா,

நேற்று ஆலையில் பாய்லர் வெடித்து ஒருவர் இறந்துவிட்டார். அப்பா வேலை பார்த்த அதே கூடம். மேலாளர் என்னைத்தான் அந்த வீட்டுக்கு அனுப்பினார்.

"நீதான்யா பொருத்தம். நம்ம உதவித்தொகையில படிச்சு இன்ஜினியரா நிக்கிற. உன்னைப் பார்த்தா அந்தம்மா கேஸு கீஸுன்னு போக மாட்டாங்க."

ஆள் செத்தால் பிள்ளைக்குப் படிப்பு. ஆலையின் நியாயம் அவ்வளவுதான்.

வாசலில் இறந்தவருடைய செருப்பு அப்படியே கிடந்தது. மகளைக் கல்லூரிவரை படிக்க வைக்கிறோம், நீங்கள் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றேன். சொல்லச் சொல்ல என் வாயிலிருந்து வேறொருவர் குரல் வந்தது. அப்பா இறந்தபோது ஆலையிலிருந்து வந்து நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் தலையைத் தடவிக்கொண்டே பேசினாரே, அவர் குரல். நீ தலையை மட்டும் ஆட்டினாய். அதன்பிறகு நீ அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தம்மாவும் தலையாட்டப் போனார். அதற்குள் பள்ளிச் சீருடையில் நின்ற மகள் கேட்டாள்:

"அதுல படிச்சுட்டு நீங்க என்னண்ணா வேலை பாக்குறீங்க?"

"இதுதாம்மா."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் அம்மாவிடம், "ஒத்துக்காதீங்கக்கா. பாய்லர் வால்வு பழுதுன்னு ஆலையில எங்களுக்கு முன்னாடியே தெரியும். கோர்ட்டுல நான் சொல்றேன்" என்றேன்.

இனி வேலை இருக்காது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். உன்மேல் கோபமில்லை, என் வயிற்றுக்காகத்தான் வாயை மூடினாய். ஆனால் அப்பா எப்படிச் செத்தார் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் மகன்