எட்டு விநாடி கூடுதல் பச்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை, அப்பா! நான் சிக்னல் பராமரிக்கும் தெருமுனையில் வயதான தையல்காரம்மா ஒருவர் தினமும் வந்து நிற்பார். பச்சை விழுந்ததும் நாலு எட்டு வைப்பார், உடனே திரும்பிவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"எதிர்ல என் தங்கச்சி வீடும்மா. பாதி ரோடு தாண்டுறதுக்குள்ள சிவப்பு விழுந்துடுது. அங்க போயி ரெண்டு வருஷமாச்சு."

அவர் நடைக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தேன். எங்கள் பொறியாளரை நச்சரித்து, கொஞ்சம் திட்டும் வாங்கி, பச்சையை எட்டு விநாடி நீட்டவைத்தேன். நேற்று தையல்காரம்மா ரோட்டைத் தாண்டிவிட்டார்!

"எப்படிக்கா வந்தே?" என்று தங்கை வாசலிலிருந்தே கத்தினார்.

"நடந்துதான்டி வந்தேன்!"

நான் ஏணிமேல் நின்று கைதட்டினேன். விழவில்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் கடைத்தெருவுக்குப் போவதையே நிறுத்திவிட்டீர்களாமே? வழியில் எங்கே சிரமம் என்று எழுதுங்கள். அம்மாவை எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே, நீளமாக எழுதுங்கள். என் பழைய போர்வையையும் அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் தூக்கமே வருவதில்லை.

வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள்
சின்னக்குட்டி