அலமாரிக் கதவின் காந்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி தணிந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் பாடம் சொல்லித்தரும் பிள்ளைகளின் குடும்பம் இப்போது அடுப்பும் படுக்கையும் வைத்த வேனில் ஊர் சுற்றுகிறது. நானும் கூடவே உருள்கிறேன். பிள்ளைகளின் தாய் கண்ணாடி டம்ளர்களை மேல் அலமாரியில் வெறுமனே நிறுத்தி வைத்தாள். துணி சுற்றச் சொன்னேன்.

"கதவுல காந்தம் இருக்கு டீச்சர், சும்மா பயப்படாதீங்க."

முதல் வளைவிலேயே அத்தனையும் தரையில். பட்டம் வாங்கியவளாம். பெருக்கியவள் நான்.

என் வீட்டுக்காரர் கடைசிவரை குடித்த பீங்கான் கோப்பை மட்டும் என் சால்வைக்குள் தப்பியது. உடனே, தட்டுகளுக்குச் சுற்ற அந்தச் சால்வையையே கேட்கிறாள். கொடுக்கவில்லை.

உன் பழைய பருத்திப் புடவைகள் இரண்டு அனுப்பு. ஒன்றை அவளுக்குக் கிழித்துக் கொடுப்பேன். மற்றது எனக்கு, அதைத் துவைக்காமல் அனுப்பு.

வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். கோப்பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உன் தங்கை