இடது பக்கம் சொட்டவில்லை

28-10-91

விடிந்ததிலிருந்து மழை. மண்ணூர்பேட்டையிலிருந்து கம்பெனி வரை நடந்தே போனேன். செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு குத்திச் சமாளித்தேன்.

முதலாளியின் வெள்ளைக் காருக்குள் தண்ணீர். முன்சீட்டில் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தேங்கியிருந்தது. டிரைவர் தாவூத் அண்ணன் மிதியடியைப் பிழிந்துகொண்டே, “இன்னா தங்கச்சி, உங்க ஊட்டு கூர மாரியே காரும் ஒழுவுது பாரு” என்றார். சிரித்தேன். அந்த ஆபீஸில் என்னைச் சிரிக்க வைப்பவர் அவர் ஒருவர்தான்.

2-11-91

கல்யாணத்துக்குப் போகும் வழியில் முதலாளியின் மனைவி ஜெகதாம்பாள் அம்மாவின் பட்டுப்புடவை கரையோடு நனைந்துவிட்டதாம். சாயம் இறங்கிவிட்டது. முதலாளி போர்ட்டிகோவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி திட்டினார்.

“கண்ணாடிய இறக்கி விட்டுட்டு உள்ள படுத்துத் தூங்கற. மழை அடிக்காம என்ன பண்ணும்?”

“சாத்திதான் மொதலாளி வச்சிகீறேன். வேற எங்கயோ ஒழுவுது.”

“புதுக் காருய்யா இது.”

நான் டைப் அடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மெஷினில் பேப்பரே இல்லை.

7-11-91

எழுதாமல் படுக்க முடியவில்லை.

தீபாவளி விடுமுறையில் முன்கண்ணாடியைச் சுற்றி ரப்பர் மாற்றினார்கள். நேற்றைய மழையில் மறுபடி தண்ணீர். முதலாளி கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டார்: எங்கே ஒழுகுகிறது என்று காட்டு, இல்லையென்றால் சாவியைக் கொடு.

சாப்பாட்டு நேரத்தில் தாவூத் அண்ணன் முகப்பவுடர் டப்பாவோடு வந்தார். கதவு ஓரம், கண்ணாடி ஓரம், தரை எல்லாம் தூவினார். “தண்ணி வந்தா பவுடர்ல கோடு உழும். நான் மேல ஊத்தறேன். நீ உள்ள குந்திகினு பாரு தங்கச்சி. உன் கண்ணு நல்ல கண்ணு.”

முன்சீட்டில் இடது பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் முறையாக அந்தக் காருக்குள். பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார். கதவு ஓரம் பவுடர் அப்படியே இருந்தது. கண்ணாடி ஓரமும் காய்ந்தே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு முன்னால் இருந்த பலகைக்கு அடியிலிருந்து ஒரு கோடு இறங்கியது. தொட்டுப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் இல்லை, லேசான மஞ்சள். முகர்ந்தேன். அரிசி ஊறிப் புளித்த நாற்றம்.

அப்போதே தெரிந்துவிட்டது. அந்த மஞ்சள் எது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஆயுத பூஜையன்று மாலை கட்டியது, வாழைக்கன்று கொண்டு வந்து வைத்தது, எல்லாம் தாவூத் அண்ணன்தான். ஜெகதாம்பாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, கார் மேல் பூவும் அட்சதையும் போடச் சொன்னார். பூஜை முடிந்ததும், “யார் கால்லயும் மிதிபடாம எடுத்துச் செடிகிட்ட போட்டுடும்மா” என்றார். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டேன். செடி மதிலோரத்தில் இருந்தது. நடுவில் மெஷின் ஓட்டுகிற ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் பொரி வாங்க வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போக எனக்குக் கூச்சம். கீழே போட்டால் சாமி பூவை மிதிப்பார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே வெளிப்பக்கம், காற்று போவதற்காக நீளநீளமாகச் சந்துகள் இருந்தன. அதற்குள் தள்ளிவிட்டேன். மிச்சத்தை விரலால் அழுத்தினேன்.

தாவூத் அண்ணன் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினார். “எங்கேர்ந்து வருது?”

பட்டுப்புடவை ஞாபகம் வந்தது. அப்பாவிடம் முதல் சம்பளம் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது.

“தெரியலண்ணே” என்றேன். முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டேன்.

8-11-91

சொல்லவில்லை.

11-11-91

போய்விட்டார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். தாவூத் அண்ணன் மேஜைக்கு எதிரே நின்றிருந்தார்.

“நீதானேம்மா உள்ள உக்காந்து பார்த்தது? தண்ணி வந்துச்சா?”

இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். வாய் தானாகச் சொன்னது: “இல்ல சார்.”

“பாத்தியா? ஒழுகவே இல்லையாம். அப்ப நீ தொறந்து போட்டதுதான்.”

தாவூத் அண்ணன் வெளியே வந்து சாவியை என் மேஜை மேல் வைத்தார். கோபமே இல்லை. “வரேன் தங்கச்சி. வேம்புலி வந்தா குடுத்துடு.” வேம்புலி டெம்போ ஓட்டுகிறவர், இனி கார் அவரிடம்.

எதுக்குடி படிச்ச நீ? ஒரு வார்த்த சொல்ல வாய் வரல.

12-11-91

அம்மா கேட்டாள்: “இன்னாடி துன்னாம குந்திகினு கீற?” தலைவலி என்றேன். இது இன்னொரு பொய்.

13-11-91

காலையில் நல்ல மழை. நின்றதும் காரைச் சுற்றி வந்தேன். வலது பக்கம் முன்சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் மேலே சந்துகளில் விழும் மழை இரண்டு பக்கமும் வெளியே போக வழி இருக்கிறது. ஒன்று அடைத்திருக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் காருக்குள் இறங்குகிறது.

வேம்புலி சாப்பிடப் போன நேரம் மண்டியிட்டுத் தேடினேன். இடது முன்சக்கரத்துக்கு மேலே விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். ஸ்டோரிலிருந்து எடுத்த கட்டுக்கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தேன். முதலில் கொஞ்சம் கூழ் வந்தது. பிறகு கறுத்துப்போன சாமந்தி இதழ்கள். கடைசியில் பூ கட்டிய நார். அதை இழுத்ததும் ஒரு சொம்பு தண்ணீர் முழங்கை வரை ஊற்றியது.

எல்லாவற்றையும் டிபன் டப்பாவில் போட்டு எடுத்துவந்து எங்கள் வீட்டு முருங்கை அடியில் கொட்டினேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

16-11-91

நேற்றெல்லாம் கொட்டியது. கார் உள்ளே காய்ந்து கிடக்கிறது.

“ஆள் மாறினதும் ஒழுகறது நின்னுடுச்சு பாத்தியா?” என்று முதலாளி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். வேம்புலி, “கார்க்கும் ராசி பாக்கணும் மொதலாளி” என்றார். ஷாப்பில்கூட இதே பேச்சு. தாவூத் சரியான தூங்குமூஞ்சி என்று ஒருவர் சொல்ல, கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஐயோ. அடைப்பை எடுத்தேனே, அதுவே அவர் மேல் பழியாகிவிட்டது. இதுவரை சந்தேகம்தான் இருந்தது. இப்போது சாட்சியும் ஆகிவிட்டது, நான் செய்தது.

18-11-91

சொல்லிவிட்டேன். முதலாளி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்று சொன்னேன். பூ, சந்து, குழாய், அன்று உள்ளே பார்த்த மஞ்சள் தண்ணீர், எல்லாம். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

முதலாளி சிரித்தார். “அட, இதுக்கா அழற? சாமி பூ கீழ விழக் கூடாதுன்னு பண்ணியிருக்க. தெரியாம நடந்தது. போய் வேலையப் பாரு.”

அவ்வளவுதான். எனக்கு அவ்வளவுதான். தாவூத் அண்ணனுக்கு மட்டும் சாவியை வைத்துவிட்டுப் போகும்படி ஆயிற்று.

நான் போகவில்லை. “அவர கூப்பிடுங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலாளி சிரிப்பை நிறுத்தினார். “பாக்கலாம்” என்றார்.

24-11-91

ஞாயிறு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லி போனேன். மசூதிக்குப் பின்னால் சந்தில் தாவூத் அண்ணன் வீடு. அவர் மனைவி வஹீதுன்னிசா, “உக்காரும்மா, உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு. பி.காம். படிச்ச பொண்ணு, பயந்த சுபாவம்னு” என்று டீ போட எழுந்தார். அதைக் கேட்டதற்கு அடி வாங்கியிருக்கலாம்.

சொன்னேன். தாவூத் அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். குழாயில் வந்த நாரைச் சொன்னபோது, “ஆமா, நான் கட்ன மாலதான்” என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்:

“அன்னிக்கு உள்ள குந்திகினு இருந்தியே. அப்பவே தெரியுமா?”

தலையாட்டினேன்.

தன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். “முதலாளி ஆள் அனுப்ச்சாரு” என்றார் பிறகு. “யோசிக்கிறேன். மழ வர மாரி கீது. அம்மாவ கூட்டிகினு பொறப்படு.”

2-12-91

இன்று வேலைக்கு வந்துவிட்டார். வேம்புலி மறுபடி டெம்போவுக்குப் போய்விட்டார். ஷாப்பில் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வணக்கம் சொன்னேன். “வணக்கம் மேடம்” என்றார்.

5-10-92

ஆயுத பூஜை. காரில் அட்சதை போட இந்த வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டார் ஜெகதாம்பாள் அம்மா. பூஜை முடிந்ததும் பூவை ஒன்றுவிடாமல் அள்ளினேன். ஷாப் ஆட்கள் வரிசை அதே இடத்தில்தான். அவர்கள் நடுவே நடக்கலாம் என்று திரும்பினேன்.

தாவூத் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார், பழைய பேப்பரைப் பொட்டலம் மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு.

“இதுல போடுங்க மேடம்.”

“பரவால்லண்ணே. நானே செடிகிட்ட கொண்டு போறேன்.”

பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வழிவிட்டார். நான் வரிசையைத் தாண்டிப் போய் மதிலோரம் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவர் காரின் முன்னால் குனிந்து, கண்ணாடிக்குக் கீழே உள்ள சந்துகளுக்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.