அம்மாவின் கைச்சூடு

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே யார் சுகம், யார் இல்லை என்பதைக் கீழே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், வரி மேடு பள்ளம் ஏறி இறங்கும், மன்னித்துக்கொள். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போகிறது. ஆனாலும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இத்தனை வருஷம் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதினாள், நான் காரமாகச் சொன்னதையெல்லாம் சர்க்கரை தூவி அனுப்பினாள். இப்போது நானே எழுதக் கற்றுக்கொண்டேன், இனி நமக்கு நடுவில் ஆள் கிடையாது.

உன் தம்பி காய்ச்சலிலிருந்து பிழைத்துவிட்டான், வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள் என்பது வரை உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று தெரியாது. டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் வளைந்து கொடுக்குமாம், முடியைவிட மெல்லிய குழாயிலும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வரிசையாக நுழைந்து போகுமாம். இந்த வைரஸ் காய்ச்சல் முற்றினால் அவை கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். ரத்தமும் அங்கங்கே உறைந்துபோகும், இழுத்த மூச்சு விரல் நுனிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் அவன் விரலெல்லாம் நீலம் பாரித்து, மரத்து, சில்லிட்டுக் கிடந்தது.

அன்றைக்கு நீ போனில், கை சில்லென்று இருந்தால் சூடு காட்டும்மா, ரத்தம் ஓடும் என்று சொன்னாய். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் உன் அம்மா பையில் மறைத்துக் கொண்டுவந்த நம் கடை இஸ்திரிப் பெட்டியை எடுத்து, கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் சொருகி, துண்டை மடித்துத் தேய்த்து அவன் கையில் சுற்றினாள். சூடு சரியா என்று தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுற்றினாள். அவள் கை என்ன கையா, இஸ்திரி போட்டே காய்த்துச் செருப்புத் தோலாகிப்போனது. அவளுக்கு வெதுவெதுப்பு, அவனுக்கு நெருப்பு. இதமா இருக்காடா என்று கேட்டாளாம், மரத்த கைக்கு என்ன தெரியும், இவன் தலையாட்டினானாம். காலையில் துண்டைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. இரண்டு விரல் எப்படியும் போயிருக்கும், மற்ற இரண்டுக்கும் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது, அதைத்தான் வேகவைத்துவிட்டீர்கள் என்று டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று தம்பி எங்களைக் கெஞ்சினான். அண்ணனிடமும் வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். நான் வாய் திறக்கவில்லை, எழுதுகிறேன். அவளோ பார்க்கிறவர்களிடமெல்லாம், "பெரியவன் சொன்னபடி சூடு காட்டினேன், அதான் கட்டைவிரலாவது மிஞ்சுச்சு" என்று பெருமை பேசுகிறாள். கொண்டவனைப் பற்றி அவள் இப்படி ஒரு பெருமை பேசி நான் கேட்டதில்லை. போன வாரம் தையல்காரர் மகளுக்கு அதே காய்ச்சல், பாதம் சில்லிட்டது என்று தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர்கள் வாசலில் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "அவன் படிச்சவன். நீங்க இப்பத்தான் எழுத்துக்கூட்டுறீங்க, சும்மா இருங்க" என்றாள், தையல்காரர் சிரித்தார்.

என் பேச்சு எடுபடாது, டாக்டர் பேச்சும் எடுபடாது. நீ கொடுத்த யோசனை, நீதான் திரும்ப வாங்க வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா, அதனால்தான் பிழைக்க வேண்டிய ரெண்டு விரலும் போச்சு என்று சொல். சுற்றி வளைக்காதே, நடுவில் அழாதே. அவள் நொறுங்கிப்போவாள். நொறுங்கினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகமாட்டாள்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். பேத்திக்கு முத்தம். காய்ச்சல் என்றால் உடனே டாக்டரைப் பார், யாரையும் போனில் கேட்காதே. அடுத்த வாரம் மறுபடி பேனா எடுப்பேன். அதற்குள் நீ உன் அம்மாவிடம் பேசியிருந்தால் அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுதுவேன். பேசவில்லை என்றால், தம்பியை அவள் எதிரில் உட்காரவைத்து அவன் வாயாலேயே சொல்ல வைப்பேன், அதையும் ஒன்று விடாமல் எழுதுவேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா